பெண்களைச் சோதனைக்கு அழைக்கும் முறை

2000 முதல் 2003 வரை திண்டுக்கல் ஜில்லாவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப்பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. சில பகுதிகளில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களைச் சோதிப்பது, மற்றப் பகுதிகளை வழக்கப்படி விட்டு ஒப்பிடுவது என்பதே ஏற்பாடு. வினிகரிலுள்ள அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தை நர்சுகள் கண்ணாலேயே பார்த்துக் கண்டார்கள். 2007-ல் வெளியான முடிவுப்படி, சோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் நேரும் சாவு 35 சதவிகிதம் குறைந்தது.

ஆனால் தகுதியுள்ள 49,311 பேரில் சோதிக்கப்பட்டவர் 31,343 பேரே. மற்றவர்கள் எங்கே? நோவில்லாதபோது சோதனை எதற்கென்பதும், புருஷன் சம்மதிக்கவில்லையென்பதும், கூலி போகுமென்பதும், எல்லாம் விதியென்பதும்தானே நம் நாட்டில் எப்பொழுதும் கேட்கும் பதில்கள்!

இதற்கு மருந்து பயமுறுத்தலுமல்ல, புருஷனிடம் உத்தரவு வாங்குவதுமல்ல. இது ஆராய்ச்சி என்பதையும், யாருக்குச் சோதனை என்பது குலுக்கலில் முடிவாகும் என்பதையும், மறுத்தாலும் வைத்தியம் நிற்காது என்பதையும் அவளிடமே சொல்லவேண்டும். படிக்காதவளுக்குப் புரியாதாம்! வட்டிக்கணக்கை மனதிலேயே போடுகிறவளுக்கா இது புரியாது?

தோழர்களே! அன்றொரு நாள் அடுப்பையும் குழந்தையையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். போவதா வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். உடம்பு அவளுடையது.