சென்னைத் தண்ணீர்ப் பஞ்சம்: ஏழு குடத்தில் எதை மிச்சம் பிடிப்பது?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. வடசென்னைப் பள்ளிவாசல் ஒன்றில் தண்ணீர்ச் சிக்கனம் பற்றி ஜும்ஆ பயான் செய்தோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவுத் தண்ணீரில் உளூ செய்ததையும், ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளித்ததையும் எடுத்துச் சொன்னோம். மத்ஹபுகளுக்கிடையே இந்த அளவுகளில் சிறு வேறுபாடு உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும் அந்த உளூ ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும். மக்கள் அமைதியாகக் கேட்டார்கள். பயான் நன்றாக அமைந்தது என்றே நினைத்தோம்.

தொழுகை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் ஒரு தாய் காத்திருந்தார். ஒலிபெருக்கியில் பயானைக் கேட்டிருக்கிறார். “ஹஜ்ரத், எங்க தெருவுக்கு மூணு நாளைக்கு ஒரு தடவை லாரி வருது. வீட்டுக்கு ஏழு குடம். அஞ்சு பேர் இருக்கோம். இதுல எதை மிச்சம் பிடிக்கச் சொல்றீங்க?” என்று கேட்டார்.

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. ஒரு குடம் 15 லிட்டர் என்றால் ஏழு குடம் 105 லிட்டர். ஐந்து பேருக்கு, மூன்று நாளைக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு லிட்டர். நம் பயான் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களுக்குப் போகாமல், ஏற்கெனவே சொட்டுச் சொட்டாக வாழ்கிறவர்களுக்குப் போயிருக்கிறது.

அன்றிலிருந்து இதே கேள்வி வேறு வேறு வடிவங்களில் நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் கேட்கிறார்: “நான் ஒரு பக்கெட் மிச்சப்படுத்தினால் ஊருக்கு என்ன ஆகிவிடப்போகிறது?” வியாபாரி ஒருவர்: “ஓட்டல்காரன் லாரி லாரியாக இறக்குகிறான், என்னை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?” கல்லூரி மாணவர் ஒருவர்: “2015இல் ஊரையே மூழ்கடித்த தண்ணீர் எங்கே போனது?” சிக்கனமாக இருங்கள் என்று அரசு சொன்னாலும் ஆலிம்கள் சொன்னாலும் மக்கள் உடனே இப்படித்தான் திருப்பிக் கேட்கிறார்கள். இவற்றை விதண்டாவாதம் என்று தள்ளுவது எளிது. ஆனால் இவற்றுக்குப் பதில் சொல்லாமல் யாரையும் தாமாக முன்வந்து சிக்கனம் செய்ய வைக்க முடியாது என்பதே நம் கருத்து.

மாணவரின் கேள்வியிலிருந்து தொடங்குவோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் நிரம்பி வழிந்தாலும் அவற்றின் மொத்தக் கொள்ளளவு சுமார் 11 டிஎம்சிதான். 2019இல் சென்னையின் அன்றாடத் தேவை 83 கோடி லிட்டர் என்று குடிநீர் வாரியமே சொன்னது. அதை 365ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ அதே 11 டிஎம்சி வரும். அதாவது நம் ஏரிகளால் ஓராண்டுத் தேவைக்கு மேல் பிடித்து வைக்க முடியாது. வெயிலில் ஆவியாவதைக் கழித்தால் அதுவும் குறையும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்டது போக மிஞ்சியதை 2019 வரை வைத்திருக்க இடமே கிடையாது. வழியில் இருந்த சிற்றேரிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சுருங்கி, அவை இருந்த இடங்களில் வீடுகளும் அலுவலகங்களும் வந்துவிட்டன. எனவே ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் போதும், மறுகோடையில் ஏரியின் தரை தெரியும். 2018இல் சென்னைக்கு அந்த மழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. அதன்பின் ஏறத்தாழ 200 நாட்கள் வறட்சி. 2019 ஜூன் மாதம் நான்கு ஏரிகளிலும் சேர்த்துக் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கு தண்ணீர்கூட இருக்கவில்லை.

ஆக, மழை குறைந்தது அல்லாஹ்வின் நாட்டம். நம் ஊர்களில் மழைத் தொழுகை நடத்தினோம், கையேந்தினோம். ஆனால் பெய்ததைப் பிடித்துவைக்க இடமில்லாமல் செய்தது மனிதர்களின் வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

அடுத்தது, ஒரு பக்கெட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நாமே வியந்தோம். 2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. ஐம்பது வேகன்கள், 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு, அமைச்சர்கள் வரவேற்று, எல்லாத் தொலைக்காட்சிகளும் காட்டின. இதற்காக அரசு 65 கோடி ரூபாய் ஒதுக்கியது. திட்டமிட்டபடி நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் வந்திருந்தாலும், வாரியம் அப்போது விநியோகித்த 52.5 கோடி லிட்டரில் அது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. இப்போது நம் பக்கெட்டுக்கு வருவோம். மாநகரில் எழுபது லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 15 லிட்டர், ஒரே ஒரு பக்கெட் மிச்சமானால் பத்தரைக் கோடி லிட்டர். இது 42 ரயில்கள் கொண்டுவரும் தண்ணீர். 2019இல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் ஒரு நாள் உற்பத்தியே பத்துக் கோடி லிட்டராகத்தான் இருந்தது.

பிறகு ஏன் மக்கள் நம்பவில்லை? ஏனென்றால் அந்தப் பக்கெட் எங்கே போகிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. நூறு லிட்டர் செலவழித்தாலும் ஆயிரம் லிட்டர் செலவழித்தாலும் ஒரே கட்டணம். நீங்கள் குழாயை மூடினால், பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் வைத்து உறிஞ்சித் தம் சம்ப்பை நிரப்பிக்கொள்கிறார். ஏழு குடம் வாங்கும் அந்தத் தாய்க்கு உங்கள் பக்கெட் போய்ச் சேரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இதுதான் உண்மையான சிக்கல். மக்களின் சுயநலத்தைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் கேப் டவுனை நினைத்துப் பார்ப்பது பொருத்தம். தென்னாப்பிரிக்காவின் அந்த நகரமும் நமக்கு ஓராண்டு முன்னதாக இதே நிலையில் நின்றது. நம் சமுதாயத்தவர் பல தலைமுறைகளாக வாழும் ஊர் அது. தென்னாப்பிரிக்காவின் முதல் பள்ளிவாசலான அவ்வல் மஸ்ஜித் அங்கேதான், போ-காப் பகுதியில் இருக்கிறது. மூன்றாண்டு வறட்சிக்குப் பின், அணைகளின் இருப்பு 13.5 சதவீதத்துக்கு இறங்கினால் வீட்டுக் குழாய்களை மூடிவிட்டு, சுமார் 200 மையங்களில் ஆளுக்கு 25 லிட்டர் மட்டும் தருவோம் என்று மாநகராட்சி அறிவித்தது. அந்த நாளுக்கு ‘டே ஜீரோ’ என்று பெயர். 2018 பிப்ரவரி முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்ற வரம்பு வந்தது. 2015இல் நாளொன்றுக்கு 120 கோடி லிட்டராக இருந்த நகரத்தின் செலவு 2018 தொடக்கத்தில் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த நாள் வரவே இல்லை.

இது முழுக்க முழுக்க மக்களின் நல்ல மனத்தால் நடந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். அபராதம் இருந்தது, கட்டணம் ஏறியது, வரம்பு மீறிய வீடுகளில் தண்ணீரைத் தடுக்கும் கருவி பொருத்தினார்கள். பயமும் இருந்தது. ஆனால் அதோடு வேறு சிலவும் நடந்தன. அணைகளில் எவ்வளவு இருக்கிறது, நகரம் எவ்வளவு செலவழித்தது என்பதை வாராவாரம் வெளியிட்டார்கள். எந்தெந்த வீடு வரம்புக்குள் இருக்கிறது என்று பச்சைப் புள்ளி வைத்து வரைபடமே போட்டார்கள். (வீட்டுக்கு வீடு புள்ளி வைப்பது சரியா என்று அங்கேயே விவாதம் நடந்தது. நமக்கும் அதில் தயக்கம் உண்டு.) விவசாயிகள் தங்கள் அணைகளிலிருந்து ஆயிரம் கோடி லிட்டரை நகரத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். “எங்களை மட்டும் கேட்கிறீர்களே” என்ற கேள்விக்கு அது கண்ணெதிரே பதிலாக அமைந்தது.

அங்கேயும் மனக்கசப்பு இல்லாமல் இல்லை. வசதியுள்ளவர்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டார்கள். தண்ணீர் விற்பனை குறைந்ததால் மாநகராட்சிக்கு வருவாய் குறைந்தது. அதை ஈடுகட்ட, 2018 ஜூலையில் குழாயின் அளவைப் பொறுத்து ஒரு நிலையான கட்டணம் வந்தது. “நாங்கள் சிக்கனமாக இருந்ததற்குத் தண்டனையா?” என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். குழாயும் பம்பும் ஊழியர் சம்பளமும், தண்ணீர் குறைவாக ஓடினாலும் குறையாத செலவுகள். இதைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். சென்னையில் நாளை மீட்டர் வரும்போது இதே பேச்சு இங்கும் எழும்.

வியாபாரியின் கேள்விக்கு நம்மிடம் இனிப்பான பதில் இல்லை. தனியார் லாரிகள் கொண்டுவரும் தண்ணீர் வானத்திலிருந்து இறங்கவில்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் வயற்கிணறுகளிலிருந்து வருகிறது. நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த 1987இலேயே சென்னைப் பெருநகருக்கென்று சட்டம் இருக்கிறது. இருந்தும் லாரியின் விலை 2019 கோடையில் இரண்டு மூன்று மடங்கு ஆனது. அந்தக் கிராமத்துத் தாய்மார்கள் குடத்தோடு சாலை மறியல் செய்தார்கள். தேவைக்கு மிஞ்சிய தண்ணீரை வழிப்போக்கருக்குக் கொடுக்காமல் தடுப்பவர் பற்றிப் புகாரியில் வரும் எச்சரிக்கை நமக்குத் தெரியும். இங்கே நடப்பதோ அதற்கும் மேல், இல்லாதவரின் கிணற்றிலிருந்து எடுத்து இருப்பவரின் தொட்டியை நிரப்புவது. காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம் என்பவர்கள், லாரித் தண்ணீரில் கார் கழுவும்போது இதை யோசிக்க வேண்டும். நம் கல்யாண மண்டபங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

இனி நம் பள்ளிவாசல்கள். அரசு செய்ய வேண்டியதை அரசைத்தான் கேட்க வேண்டும். ஆனால் நம் கையில் இருக்கும் குழாயை நாம்தான் மூட வேண்டும். அந்தப் பயானுக்கு மறுவாரம், உளூச் செய்யுமிடத்தில் ஒரு குழாயின் கீழே பத்து லிட்டர் வாளியை வைத்தோம். உளூச் செய்ய வந்தவர் நம் பயானைக் கேட்டவர்தான், வழக்கமாகத் தொழ வருகிறவர். அவர் காலைக் கழுவி முடிப்பதற்குள் வாளி நிரம்பி வழிந்தது. நம் பாட்டனார் காலத்தில் ஹவுளில் கையால் அள்ளி உளூச் செய்தார்கள், இவ்வளவு வீணாகவில்லை. வசதிக்காகக் குழாய் வைத்தோம். குழாயைத் திறந்துவிட்டுத் தலைக்கு மஸஹு செய்கிறோம், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறோம், தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடுகிறது. ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதாக ஹதீஸ்கலை அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்த ஹதீஸ் இல்லாவிட்டாலும் முத்து, ஸாஉ அறிவிப்புகள் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கின்றன. அவை போதும்.

உளூச் செய்த தண்ணீரை என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். அது அசுத்தமல்ல. அதைக் கொண்டு மறுபடி உளூச் செய்ய முடியாது என்பதே ஷாபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் நிலை. ஆனால் செடிக்கு விடலாம், தரை கழுவலாம், கழிவறையிலும் ஊற்றலாம். சிலருக்குக் கடைசியாகச் சொன்னதில் மனம் ஒப்பவில்லை. அவர்கள் செடிக்கு விடட்டும், பாதகமில்லை. வீடுகளில் ஆர்ஓ இயந்திரம் கழித்து வெளியேற்றும் தண்ணீரையும் பாத்திரம் கழுவப் பிடித்துவைக்கலாம். அந்தத் தாயைப் போல் குடிப்பதற்கு மட்டுமே தண்ணீர் இருப்பவர்கள் அதை உளூவுக்குச் செலவிட்டுப் பிள்ளைகளைத் தாகத்தில் விட வேண்டியதில்லை. தயம்மும் எதற்காக இருக்கிறது?

நாம் சொல்லும் பள்ளிவாசலில் ஒரு பழைய கிணறு உண்டு. இந்தக் கோடையிலும் முழுதாக வற்றவில்லை. குழாய்களின் வேகத்தைக் குறைத்து, உளூத் தண்ணீரைத் தனியே பிரித்து, மிஞ்சுவதைத் தெருவுக்குத் திறந்துவிடலாம் என்று நிர்வாகிகளிடம் சொன்னோம். அப்படிச் செய்தால், உளூவில் மிச்சம் பிடிக்கும் தண்ணீர் எங்கே போகிறது என்பதைத் தொழ வருகிறவர் வாசலிலேயே பார்த்துக்கொள்வார். முத்தவல்லி உடனே சம்மதித்தார். இரண்டு உறுப்பினர்களுக்குத் தயக்கம். கிணறு வற்றிவிட்டால் ஜும்ஆவுக்கு என்ன செய்வது, கரண்ட் பில்லை யார் கட்டுவது, தெருவில் எல்லாச் சமயத்தவரும் இருக்கிறார்களே, வரிசையில் தகராறு வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். முதல் இரண்டும் நியாயமான கேள்விகள்தான். மூன்றாவதற்கு, தாகத்துக்கு மதம் கேட்பதில்லை என்று முத்தவல்லியே பதில் சொல்லிவிட்டார். அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம், வீட்டுக்கு இரண்டு குடம் என்று பத்து நாளைக்குக் கொடுத்துப் பார்ப்பது, தினமும் கயிறு விட்டுக் கிணற்றின் ஆழத்தை அளந்து அறிவிப்புப் பலகையில் எழுதுவது என்பது இப்போதைய யோசனை. வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவாகும். அந்தத் தாயிடம் இன்னும் சொல்லவில்லை.