பெட்டியை அல்ல, பற்றரியைப் பார்த்து வாங்குவோம்

மீள்குடியேறிய எமது கிராமங்களிலும், காணி இன்னும் விடுபடாமல் உறவினர் வளவுகளில் தங்கியிருக்கும் குடும்பங்களிடையேயும் இப்போது ஒரு பெட்டியைப் பற்றிய பேச்சு அடிபடுகிறது. பற்றரியில் இயங்கும் றில், ஸ்குறூ ஆணி முடுக்கும் மெசின், வாள், கிறைண்டர், ரோச் லைற் என ஐந்தாறு சாமான்களை ஒன்றாக அடுக்கி, வயர் இழுக்கத் தேவையில்லை என்று சொல்லி விற்கும் பெட்டி அது. தவணைக்கும் கொடுக்கிறார்கள். ஒரு போகத்து நெல் விற்ற காசையோ நகை ஈடு வைத்த காசையோ இதில் போடலாமா என்பது சின்னக் கேள்வியல்ல.

இந்த ஆசையை ஆடம்பரம் என்று தள்ளிவிடுபவர்களோடு நாம் உடன்படவில்லை. 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. பயனாளிகள் தாமே நின்று கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. சுவரும் கூரையும் எழுந்த பின் உட்கதவு, யன்னற் கதவு, குசினித் தட்டு என்பன “பிறகு பார்ப்போம்” என்று விடப்பட்ட வீடுகளை நாம் எல்லோரும் அறிவோம். அந்தப் பிறகு வராமலே பத்து வருடங்கள் போய்விட்டன. ஓடாவியாரைக் கூப்பிட்டால் அரைநாள் வேலைக்கும் முழுநாட் கூலி கொடுக்க வேண்டும். அவர் வரும் நாள்வரை காத்திருக்கவும் வேண்டும். தனித்து நின்று குடும்பத்தை நடத்தும் பெண்களுக்கு இந்தக் காத்திருப்பு இன்னும் பாரமானது. பின்கதவுக்கு ஒரு கொண்டியைத் தாமே பூட்டிக்கொள்ள முடிந்தால் இரவில் பயமில்லாமல் நித்திரை கொள்ளலாம். இதை ஆடம்பரம் என்று யார் சொல்வது?

ஆகவே கருவி வேண்டும். ஆனால் ஆறு சாமான் பெட்டி வேண்டாம். நல்ல றில் ஒன்றும் அதற்குப் பற்றரி இரண்டும் முதலில் போதும் என்பதே எமது கருத்து.

இக் கருவிகளில் மோட்டார் பல வருடம் உழைக்கும். முதலில் ஓய்வது பற்றரி. விலையில் பெரிய பங்கும் அதற்குத்தான். அதோடு, ஒரு கொம்பனியின் பற்றரி மற்றக் கொம்பனியின் கருவிக்குப் பொதுவாகப் பொருந்தாது. பொஷ் கொம்பனி வீட்டுப் பாவனைக்குப் பச்சை நிறத்திலும் தொழிலாளருக்கு நீல நிறத்திலும் செய்யும் 18 வோல்ற் கருவிகளுக்கிடையே கூடப் பற்றரியை மாற்றிப் போட முடியாது. முதலாவது கருவியை வாங்கும் அன்றே, இனிவரும் வருடங்களில் எந்தக் கொம்பனியிடம் போய் நிற்கப்போகிறோம் என்பதையும் நாம் தீர்மானித்துவிடுகிறோம். எனவே பற்றரி தனியாக விற்பனைக்கு இருக்கிறதா, என்ன விலை என்று முதலில் கேளுங்கள். “பெட்டியோடு மட்டும்தான்” என்று பதில் வந்தால் அந்தப் பெட்டிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடந்தான் என்று எண்ணிக்கொள்ளலாம்.

மலிவுக் கருவிகளின் மேல் 48, 88, 128 என்று பெரிய இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றை வோல்ற் என்று நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். இப்போதைய கருவிகளில் இருப்பது லித்தியம் பற்றரி. அதன் ஒரு கலம் 3.6 வோல்ற் தரும். முழுதாக ஏறியிருக்கையில் 4.2 வோல்ற். ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் 18 வோல்ற். முழுதாக ஏறியதும் 21 வோல்ற். ஆகவே 18 என்று எழுதியதும் 20 என்று எழுதியதும் 21 என்று எழுதியதும் ஒரே சாமான்தான். உண்மையை அறிய ஓர் எளிய வழி உண்டு. சார்ஜரைத் திருப்பி, அது வெளியே கொடுக்கும் வோல்ற் எவ்வளவு என்று அதன் முதுகில் உள்ள எழுத்தில் பாருங்கள். 21 என்றிருந்தால் உள்ளே ஐந்து கலம். 12.6 என்றிருந்தால் மூன்றே கலம், பெட்டியின் மேல் என்ன இலக்கம் போட்டிருந்தாலும் சரி.

பற்றரி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்வது அம்பியர் மணித்தியாலம். 18 வோல்ற்றை 2 அம்பியர் மணித்தியாலத்தால் பெருக்கினால் 36 வாற் மணித்தியாலம். ஒரு யூனிற் மின்சாரம் என்பது 1000 வாற் மணித்தியாலம். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால்கூட ஒரு யூனிற்றில் ஏறத்தாழ இருபது தடவை ஏற்றிக்கொள்ளலாம். எனவே கரண்ட் பில்லை நினைத்துப் பயப்படத் தேவையில்லை.

எமது பகுதி மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளம்பரப் படத்தில் வெள்ளைக்காரர் துளைப்பது மெதுவான பைன் பலகை. எமக்கு வாய்த்ததோ பனை, பாலை, முதிரை. பனஞ்சலாகையின் கறுப்பு வைரத்தில் ஆணியே வளையும். இதற்கு மூன்று கலக் கருவி போதாது. ஐந்து கலம் வேண்டும். அதுவும் நேரே ஸ்குறூ ஆணியை முடுக்கினால் ஆணியின் தலை முறியும், அல்லது மரம் வெடிக்கும். 4 மில்லிமீற்றர் ஆணிக்கு முதலில் 3 மில்லிமீற்றர் துளை போட்டு, ஆணியின் புரியில் சிறிது மெழுகுதிரியையோ சவர்க்காரத்தையோ தேய்த்து முடுக்க வேண்டும். பற்றரியும் மிஞ்சும், கையும் மிஞ்சும். சீமெந்துக் கல்லில் துளையிட, இடித்துக்கொண்டே துளைக்கும் வசதியுள்ள றில் உதவும். கம்பி போட்ட கொங்கிறீற் தூணுக்கோ லின்ரலுக்கோ அது ஏலாது. அந்த வேலைக்கு மின்சாரத்தில் ஓடும் பெரிய மெசினை ஒருநாள் வாடகைக்கு எடுப்பதே புத்தி.

பெட்டியில் உள்ள மற்றச் சாமான்களுக்கு வருவோம். வாளும் கிறைண்டரும் பற்றரியைக் குடித்துவிடும். நாலு பலகை அறுக்கக் கைவாள் போதும்; தீட்டித் தீட்டிப் பல வருடம் பாவிக்கலாம். சண்டை நடந்த இடங்களில் நின்ற மரத்துக்குள் சன்னமும் செல் துண்டும் புதைந்து கிடக்கக்கூடும் என்பதை மர ஆலைக்காரர்கள் நன்கு அறிவார்கள். வேகமாகச் சுழலும் வாள் அதில் பட்டால் பல்லுத் தெறித்து முகத்துக்கு வரும். கைவாள் என்றால் கிறீச்சிட்டு நின்றுவிடும். கிறைண்டரில் மரம் அறுக்கும் பல்லுத் தட்டைப் பூட்டுவது எக்காரணம் கொண்டும் கூடாது. பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றை எந்த மெசினாலும் வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போய்த் தங்கி, பல வருடங்களின் பின் சுவாசப்பைப் புற்றுநோயாக வெளிப்படும். துளை போட்டே தீரவேண்டுமானால் சீற்றை நனைத்து, கைத்துறப்பணத்தால் மெதுவாகப் போடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது.

பராமரிப்பில் ஒரு விடயம் எமது விவசாயிகளைக் குழப்புகிறது. மருந்து தெளிக்கும் கருவிகள் பலவற்றில் இருப்பது 12 வோல்ற் ஈயப் பற்றரி. அதை எப்போதும் முழுதாக ஏற்றியே வைக்க வேண்டும். இறங்கின நிலையில் விட்டால் பழுதாகும். லித்தியம் அப்படியல்ல. மாரியில் மூன்று மாதம் வேலையில்லாமல் வைப்பதானால் பாதி ஏற்றி வைப்பதே நல்லது. இரண்டுக்கும் பொதுவான எதிரி வெக்கை. மத்தியானத்துத் தகரக் கூரைக்குக் கீழே மேல்தட்டில் வைத்த பற்றரி விரைவாகச் செத்துப்போகும். பாவித்த சூடு ஆறமுன் சார்ஜரில் போடுவதும் கூடாது. வீங்கிய பற்றரியைத் திறந்து பார்க்கவே வேண்டாம்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. இரண்டு பற்றரி வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். அதே வருடம் ரூபா விழுந்ததும் இறக்குமதிச் சாமான்களின் விலை எங்கே போனது என்பதையும் பார்த்தோம். வேலையில்லாமல் பெட்டிக்குள் கிடக்கும் நாலு கருவிக்குக் கொடுக்கும் காசை, நாளைக்கு வாங்கவேண்டிவரும் பற்றரிக்கு ஒதுக்கி வைப்பது மேல்.

கடனுக்கு வாங்குவதை நாம் அறவே விரும்பவில்லை. 2018 இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் கொடுக்க நேர்ந்தது. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடன்காரருக்குப் பதில் சொல்லிய வீடுகள் எம்மிடையே எத்தனை! நெல்லோ வெங்காயமோ கிழமைக்குக் கிழமை காசு தருவதில்லை. தவணை மட்டும் கிழமை தவறாமல் வரும்.

இதைவிட நல்ல வழி, அயலிலுள்ள நாலு குடும்பங்கள் பேசி ஒரே கொம்பனியைத் தெரிவு செய்வது. பொதுவில் வாங்கிய தண்ணீர்ப் பம்புகளுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாரும் பாவித்தார்கள், திருத்த யாரும் வரவில்லை. அதனால்தான் பற்றரியைப் பொதுவாக்காதீர்கள் என்கிறோம். பற்றரி அவரவர் வீட்டில், அவரவர் பொறுப்பில் இருக்கட்டும். ஒரு வீட்டார் றில் வாங்கினால், அடுத்த வருடம் இன்னொரு வீட்டார் ஸ்குறூ முடுக்கும் மெசினைப் பற்றரியில்லாமல் தனியாக வாங்கலாம். அது விலை குறைவு. இரவல் கேட்டு வருபவர் தன் பற்றரியோடு வருவார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இதைக் கையில் எடுத்து, பற்றரி வாங்க மட்டும் வட்டியில்லாத சிறு சுழற்சிக் கடன் கொடுத்தால் நன்றாயிருக்கும். துளை போடவும் ஆணி முடுக்கவும் பெண்களுக்கு ஒரு பின்னேரம் பழக்கிவிட எங்கள் ஓடாவிமார் மறுக்கமாட்டார்கள் என்றே நம்புகிறோம். நிலைக்கதவும் கூரை மரமும் எப்படியும் அவர்களுடைய வேலைதான்.

கடைக்குப் போகும்போது ஒரு சாண் பனஞ்சலாகைத் துண்டைக் கொண்டுபோங்கள். விற்பவரை அதில் பத்துத் துளை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பற்றரி கைபொறுக்க முடியாத அளவுக்குச் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். பில்லை உங்கள் பெயரில் எழுதுவித்து, உத்தரவாதம் மெசினுக்கு மட்டுமா, பற்றரிக்கும் உண்டா என்பதை அதிலேயே எழுதி வாங்குங்கள்.