ஒரு சொல், பல வேலை: ‘செக்’

 

என்னிடம் ஓத வரும் சிறுமி ஒருத்தி சென்ற மாதம் ஒரு கேள்வி கேட்டாள். ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவள் வீடு. உம்மா கொழுந்து பறிக்கிறார். வாப்பா டவுனில் ஒரு கடையில் நிற்கிறார். “ஹஸ்ரத், உம்மா செக்றோல்ல பேர் விழுந்திச்சான்னு கேக்குறாங்க. வாப்பா கடைக்கு செக் வந்திருக்குன்னு சொல்றாங்க. காக்காவுக்குப் பெருநாளைக்குத் தைச்சது செக் சட்டை. மூணும் ஒரே சொல்லா?”

ஒரே சொல்தான். இன்னும் ஆச்சரியம், அந்த ஆங்கிலச் சொல் நம் அரபு மொழி வழியாகப் போனது.

பாரசீகத்தில் ‘ஷாஹ்’ என்றால் அரசன். இந்தியாவின் சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய், அங்கிருந்து அரபியரிடம் ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. அதை ஆடலாமா, கூடாதா என்ற சட்டப் பேச்சு வேறு. இங்கே சொல்லை மட்டும் பார்ப்போம். எதிரியின் அரசனுக்கு ஆபத்து வந்தால் ‘ஷாஹ்’ என்று எச்சரிப்பார்கள். அரபியர் வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது அந்த எச்சரிக்கையும் கூடவே போனது. பிரெஞ்சு வாயில் உருமாறி, ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று. ஆட்டம் முடியும்போது சொல்லும் ‘செக்மேட்’ என்பதும் ‘ஷாஹ் மாத்’தான்.

‘செக்’ என்றதும் அரசன் தன் விருப்பம் போல் நகர முடியாது. நின்று பார்க்க வேண்டும். அதனால் அந்தச் சொல்லுக்குத் ‘தடுத்து நிறுத்துதல்’ என்ற பொருள் வந்தது. நிறுத்தினால்தானே சரிபார்க்க முடியும்? ஆகவே ‘சரிபார்த்தல்’ என்பதும் அதன் பொருளாயிற்று. சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல நெய்த துணி ‘செக்’ துணி ஆனது. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னரின் கணக்கர்கள் கட்டம் போட்ட துணியை மேசையில் விரித்து, காய்களை வைத்து வரிக்கணக்குப் பார்த்தார்கள். அதனால் அந்நாட்டுக் கருவூலத்துக்கே ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது.

வங்கிக் காசோலையும் இதே வழியில் பிறந்ததுதான். கள்ளப் பத்திரம் வந்தால் ஒத்துப் பார்க்க வைத்திருந்த அடிக்கட்டைக்கே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்று பெயர். பிறகு அது தாளுக்கே பெயராயிற்று. அரபியில் ‘ஸக்’ என்றால் எழுதிக் கொடுக்கும் பத்திரம். அதிலிருந்தே காசோலையின் பெயர் வந்தது என்பாரும் உண்டு. ஆங்கில அகராதிகளோ ‘ஷாஹ்’ வழியையே காட்டுகின்றன.

இனி அந்தச் சிறுமியின் உம்மா சொன்ன செக்றோலுக்கு வருவோம். ‘றோல்’ என்றால் பெயர்ப்பட்டியல். இன்று யார் வேலைக்கு வந்தார், யாருக்கு முழுப் பேர், யாருக்கு அரைப் பேர் என்று சரிபார்த்து எழுதும் ஏடு அது. நாள் முழுக்க மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று பறித்தாலும், அந்த ஏட்டில் பேர் விழாவிட்டால் அன்றைய உழைப்புக்குச் சம்பளம் இல்லை. அரசன் பெயரில் தொடங்கிய சொல், கடைசியில் கூடை சுமக்கும் பெண்ணின் பெயரில் வந்து நிற்கிறது!

தாளில் பெயர் இருப்பது சின்ன விஷயம் அல்ல, சகோதரிகளே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத்து இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்கள், 1946 ஜனவரி 1க்கு முன் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு. இந்த மண்ணிலேயே வாழ்ந்தும் காட்டத் தாள் இல்லாமல் கைவிடப்பட்டோர் எத்தனையோ பேர். 2003இல் வந்த சட்டம்தான் அந்தக் காயத்துக்கு மருந்திட்டது.

பெண்களுக்கோ இன்னும் ஒரு குறை இருந்தது. ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. 1984இல்தான் அது சமமாக்கப்பட்டது. அதன் பிறகும் மனைவியின் சம்பளத்தைக் கணவனே கைநீட்டி வாங்கிப் போகும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. செக்றோலில் பெயர் அவளுடையது. காசு வேறொருவர் கையில்.

சிறுமியிடம் இதையெல்லாம் சொல்லி முடித்ததும், “அப்போ உம்மாவோட பேரை நான் செக் பண்ணவா?” என்றாள். மறுவாரம் உம்மாவின் சம்பளத் துண்டையும் அடையாள அட்டையையும் கொண்டு வந்தாள். ஒன்றில் பாத்துமா, மற்றதில் பாத்திமா பீவி. ஒரு எழுத்துதானே என்று விட்டுவிடலாமா? வேலையை விட்டபின் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போது, அந்த ஓர் எழுத்துக்காக எத்தனை நாள் அலைய வேண்டியிருக்கும்! தோட்டத்து ஆபீசில் இப்போதே சொல்லித் திருத்தும்படி அனுப்பி வைத்தேன்.

சேமலாப நிதிக்கு உழைப்பவரின் சம்பளத்திலிருந்து குறைந்தது 8 சதவீதம், முதலாளி தரப்பிலிருந்து குறைந்தது 12 சதவீதம் சேர வேண்டும் என்பது சட்டம். அது உங்கள் வியர்வை. ஆகவே இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, சம்பளத் துண்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பாயில் பரப்பி வைத்து, பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உட்கார வையுங்கள். வீட்டோடு இருக்கும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும்: நிக்காஹ் பதிவில் உங்கள் மஹர் தொகை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா?

இதில் சந்தேகப்படுவதற்கோ வெட்கப்படுவதற்கோ ஒன்றுமில்லை. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அல்பகராவின் 282ஆவது வசனம். அது பேசுவது கொடுக்கல் வாங்கலை நியாயமாக எழுதி வைப்பதைப் பற்றித்தான். எழுதுவது ஒரு பொறுப்பு என்றால், எழுதியதைச் சரிபார்ப்பதும் பொறுப்புதானே?

நம் பெண்கள் உழைப்பின் ஒவ்வொரு நாளும் அவர்கள் பெயரிலேயே எழுதப்பட்டு, அவர்கள் கைக்கே வந்து சேர அல்லாஹ் அருள் செய்வானாக. ஆமீன்.