இரண்டாவது ஆள் யார்?



பொது அறிவு வகுப்பில் நான் கேட்ட கேள்விகள் உங்களுக்கு மறந்திருக்காது. எவரெஸ்டில் முதலில் ஏறியவர்கள் யார்? நிலவில் முதலில் கால் வைத்தவர் யார்? சரியாகச் சொன்னால் ஒரு பென்சில். பாதிப் பாடத்தைத்தான் நடத்தியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்படி நினைக்க வைத்தவர் ஃபிரிட்ஸ் போலார்ட்.

அமெரிக்கக் கால்பந்தில் முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, மறிக்க வருபவர்களை ஏமாற்றி ஓட வேண்டும். 1894-இல் சிகாகோவில் பிறந்த கறுப்பினத்தவரான போலார்ட், பிரவுன் பல்கலைக்கழக அணிக்காக அப்படி ஓடியவர். ஆள் சிறியவர், ஆனால் லேசில் பிடி கொடுக்க மாட்டார். 1916 புத்தாண்டு அன்று ரோஸ் பவுல் போட்டியில் ஆடினார். அதில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவரே. அன்று பிரவுன் தோற்றது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் யேல், ஹார்வர்டு என்ற இரு பெரிய அணிகளையும் அடுத்தடுத்து வென்றது.

அவர் கீழே விழுந்த பிறகும் எதிரணியினர் மேலே பாய்ந்து மிதிக்கப் பார்ப்பார்கள். அதனால் விழுந்ததும் சட்டென்று மல்லாந்து, ஆணி வைத்த காலணியோடு கால்களை மேலே தூக்கிக்கொள்வார். ஆட்டத்தோடு உடம்பையும் காத்துக்கொள்ள வேண்டிய நிலை.

1920-இல் அவர் ஆடிய அக்ரன் அணி தொழில்முறைச் சாம்பியன் ஆனது. 1921-இல் அந்த அணிக்கே பயிற்சியாளரும் ஆனார். இன்று என்.எஃப்.எல். என்று அழைக்கப்படும் அமைப்பின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான்.

பென்சில் கேள்விக்கு இத்துடன் விடை முடிந்துவிடும். ஆனால் இரண்டாவது ஆள் எப்போது வந்தார்? 1989-இல், ஆர்ட் ஷெல். நடுவே 68 ஆண்டுகள்! 1934 முதல் 1945 வரை அந்த அமைப்பில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. போலார்ட் 1986-இலேயே காலமாகிவிட்டார். தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2005-இல்.

முதல் ஆள் தன் திறமையால் முட்டி மோதி உள்ளே வந்துவிடுவார். அந்த இடம் நியாயமானதா என்பது இரண்டாவது ஆள் வரும்போதுதான் தெரியும். "அதான் ஒருத்தர் வந்துட்டாரே" என்று சொல்லியே கதவைச் சாத்திவிடலாம்.

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முதலில் ஆசிரியர் பயிற்சி முடித்தவன் நான். இரண்டாவதாக என் தங்கை முடித்திருக்க வேண்டும். அவளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தியபோது நானும் வாய் திறக்கவில்லை. அவளும் இதைப் படிப்பாள். படிக்கட்டும்.

உங்களில் பலர் இன்று ஆள் எடுக்கும் நாற்காலியில் இருக்கிறீர்கள். 'முதல் பெண்', 'முதல் பட்டதாரி' என்று யாருக்காவது மாலை போட்டால் நானும் கை தட்டுவேன். மறுநாள் பதிவேட்டைத் திறந்து, அடுத்தவர் எப்போது வந்தார் என்று பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்