எந்தப் பிள்ளைக்குப் பரிசு?

 

சென்ற மாதம் ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். மகனுக்கு எட்டு வயது நிறைவடைகிறது. ஆயிரம் ரூபாய்க்குள் என்ன பரிசு வாங்கலாம் என்பது அவருடைய வினா. பிறந்த நாளை விழாவாக எடுக்கலாமா, கூடாதா என்னும் மஸ்அலாவை அவர் கேட்கவில்லை. அறிஞர் பெருமக்கள் அதுபற்றி நிறையவே எழுதியிருக்கின்றனர். நானும் அதற்குள் நுழையப் போவதில்லை. பிள்ளைக்குக் கொடுக்கும் அன்பளிப்பைப் பற்றியே பேசுவோம். பொருளின் பெயரைச் சொல்லுமுன், எங்கள் தேவகோட்டையில் மாலை மத்ரஸாவில் கண்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அஸருக்குப் பின் ஓத வரும் பிள்ளைகளுள் அண்ணன் தம்பி இருவர். தந்தை சவூதி அரேபியாவில் பணி புரிகிறார். விடுப்பில் வருவது பெரும்பாலும் மே மாதத்தில். மூத்தவன் பிறந்ததும் மே மாதமே. ஒருநாள் அவன் கையில் புதிய கடிகாரம். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைகள் கூட அவனிடம் மணி கேட்டனர். இளையவன் மட்டும் அம்ம ஜுஸ்விலிருந்து தலையை உயர்த்தவில்லை. “உனக்கு எப்பொழுதப்பா பிறந்த நாள்?” என்று நான்தான் சும்மா இராமல் கேட்டுவைத்தேன்.

“நான் அத்தா வர்ற மாசத்துல பொறக்கல, ஹஜ்ரத்” என்றான். குறை கூறும் குரலில் அன்று. இந்த ஆண்டு மழையில்லை என்று சொல்வது போலச் சொன்னான்.

கடல் கடந்து பொருளீட்டும் தந்தையரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடுப்பு எந்த மாதம் என்பதைத் தீர்மானிப்பவர் அவரல்லர், அவருடைய முதலாளி. ஆயினும் மே மாதத்துப் பிள்ளைக்குச் சைக்கிளும் கடிகாரமும், நவம்பர் மாதத்துப் பிள்ளைக்குத் தொலைபேசியில் ஒரு வாழ்த்தும் என்று ஆண்டுகள் சில சென்றால், பிள்ளையின் உள்ளம் ஒரு கணக்கை எழுதிக்கொள்ளாமல் இருக்குமா? ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள்கள்தாம். அந்தத் தேதிப்படி எண்ணினால் நவம்பர்ப் பிள்ளையின் பிறந்த நாளும் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள்கள் முன்னே நகர்ந்து மே மாதத்தை வந்தடையும். ஆனால் அதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆகும். அப்பொழுது அவனே எங்கிருந்தாவது விடுப்பில் வருபவனாக இருப்பான்!

இவ்விடத்தில் நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவுகூர்வது பொருந்தும். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற ஹதீஸ் இது. அவருடைய தந்தை பஷீர் (ரலி) அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பை வழங்கினார். நபி (ஸல்) அவர்களை இதற்குச் சாட்சியாக்கினாலன்றித் தமக்கு நிறைவில்லை என்றார், தாய் அம்ரா பின்த் ரவாஹா (ரலி). பஷீர் சென்று நின்றார். மற்றப் பிள்ளைகள் அனைவருக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடந்துகொள்ளப் பணித்தார்கள். பஷீர் வீடு திரும்பி, கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இந்தச் செய்தியை நமக்கு அறிவிப்பவர் யார் என்பதைக் கவனியுங்கள். பரிசை இழந்த அதே பிள்ளைதான்! பிற்காலத்தில் கூஃபாவின் ஆளுநராகவும் விளங்கிய அவர், மிம்பரில் நின்று மக்கள் கேட்க இதனை எடுத்துரைத்தார். தம் கையிலிருந்து போன பொருளைப் பற்றிய வருத்தம் அதில் இல்லை.

பிள்ளைகளிடையே அன்பளிப்பில் சமன் செய்வது கட்டாயக் கடமை என்பது இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. ஏனைய மத்ஹபுகளின் அறிஞர்களுள் பெரும்பாலோர் அதனை வலியுறுத்தப்பட்ட நற்செயலாகக் கருதுகின்றனர். ஆண்பிள்ளைக்கு இரண்டு, பெண்பிள்ளைக்கு ஒன்று என்று பரிசிலும் பங்கு பிரிக்கும் இல்லங்களை நான் அறிவேன். அது வாரிசுரிமைச் சட்டம், அம்மா! உயிரோடிருக்கையில் தரும் அன்பளிப்பில் ஆணும் பெண்ணும் சமம் என்பதே அறிஞர்களுள் பெரும்பாலோரின் கூற்று. தம்பிக்குச் சைக்கிள் வந்த வீட்டில் அக்காளுக்கு ஒரு டஜன் வளையல் வந்தால், அவள் முகத்தைச் சற்றே நிமிர்த்திப் பாருங்கள்.

சமன் என்றால் ஒரே பொருளை மூன்றாக வாங்குவதன்று. கண் தெரியாத பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடியும், கல்லூரி செல்பவளுக்குக் கட்டணமும் தேவைகள், பரிசுகள் அல்ல. அவற்றில் தராசு தூக்க வேண்டியதில்லை.

அந்தச் சிறுவனின் தாயிடம் பேசினேன். “நீங்களே அவுககிட்ட சொல்லுங்க ஹஜ்ரத், நான் சொன்னா செலவு வைக்கிறேன்பாக” என்றார். இஷாவுக்குப் பின் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, “அவன் கை என்ன அளவு இருக்கும் ஹஜ்ரத்?” என்று கேட்டார். என் மகனின் மணிக்கட்டை வைத்து ஓர் அளவு சொன்னேன்.

இனி, சகோதரியின் வினாவுக்கு வருகிறேன். ஒரு பிள்ளைக்காக வாங்கினாலும் பொருள் எல்லாப் பிள்ளைகளின் நடுவேதான் கிடக்கும். எட்டு வயது மகனுக்கு வாங்கிய விளையாட்டுக் காரைத் தவழும் தங்கை வாயில் வைப்பாள். அதனுள் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்குமானால் அஞ்ச வேண்டும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடக் கூடியது அது. அதன் மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், வெளிநாட்டுப் பெட்டியில் வருவதை நாம்தாம் சோதிக்க வேண்டும்.

விலை பற்றியும் கவலை வேண்டாம். ஆஷூரா நோன்பன்று பசித்து அழுத பிள்ளைகளுக்கு மதீனத்துத் தாய்மார் கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்தார்கள். பருவத்தின் முதற்கனி வந்தால் நபியவர்கள் துஆச் செய்து, அங்கிருப்போருள் மிகச் சிறிய பிள்ளையை அழைத்துக் கொடுப்பார்கள். நம் சீமையிலும் பனை ஓலைக் கிலுகிலுப்பையும் பல்லாங்குழியும் இன்றும் கிடைக்கின்றன. பல்லாங்குழியில் ஒரு நன்மை, எதிரே உட்கார இன்னொருவர் வேண்டும். மட்டைப் பந்தும் அவ்வாறே. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் சிறுவர் நூல்கள் விலை குறைவு. ஆயிரம் ரூபாய்க்குப் பல நூல்கள் வரும். அண்ணன் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.

சகோதரியே! வீட்டில் மொத்தம் எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு என்ன வயது என்பதை உங்கள் கடிதத்தில் குறிப்பிடவில்லை. மறுமடலில் எழுதுங்கள், அதன் பிறகு இன்ஷா அல்லாஹ் பொருளின் பெயரைச் சொல்கிறேன்.