குடத்தில் இடம்பெறாத பெயர்கள்

நுழையும்முன்

ஓர் ஊரின் செய்தியை உலகறியச் செய்வோர் யார்? அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தோர் அப்பணிக்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டாவா? சிற்றூர் மாணவர்க்குத் தொடர்பியல் பட்டப்படிப்பு ஏன் வேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மேல்நிலைத் தேர்வு முடிந்ததும் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், ‘அடுத்து என்ன படிப்பு?’ என்னும் வினா எழுகிறது. பொறியியல், செவிலியம், வணிகவியல், ஆசிரியப் பயிற்சி என விடைகள் வரும். ‘தொடர்பியல்’ என்று ஒரு மாணவி சொன்னால், ‘திரைப்படத்திற்கா, தொலைக்காட்சிக்கா?’ என்று வீட்டார் கேட்பர். அது மாநகரத்தார் படிப்பு, வசதியுடையோர் படிப்பு என்பது பொதுவான எண்ணம். என் கருத்து இதற்கு மாறானது. தொடர்பியல் கல்வி மாநகரத்தைவிடச் சிற்றூருக்கே மிகுதியும் தேவைப்படுகிறது.

கல்வெட்டு தரும் பாடம்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவிலில் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையை விளக்குகின்றன. 30 குடும்புகளிலிருந்தும் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதனைப் பெற்றவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்றுப் படித்தார். மண்டபத்தில் இருந்த பிறரும் அவ்வோலையைப் படித்த பின்னரே அப்பெயர் ஏற்கப்பட்டது. ஒருவர் சொன்னதைப் பலர் சரிபார்த்த பின்னரே ஊர் நம்பியது. இன்றைய செய்தித்துறையின் அடிப்படை அறமும் இதுவே.

ஆயினும், அக்குடத்தில் ஊரார் அனைவரின் பெயரும் இடம்பெறவில்லை. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்ட ஆடவர்க்கே அவ்வாய்ப்பு இருந்தது. பெண்களின் பெயரும் உழைக்கும் மக்களின் பெயரும் குடத்தில் விழவில்லை. இன்றைய செய்திகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. விபத்தோ வெள்ளமோ நேர்ந்தால் அன்றி, சிற்றூரின் பெயர் செய்தியில் இடம்பெறுவது அரிது. ஏரி மதகு பழுதடைந்ததும், நெல் கொள்முதலுக்கு உழவர் காத்திருப்பதும், நெசவாளரின் கூலி உயராததும் செய்திக்குரியவையே. அவற்றை அன்றாடம் கண்டு வளர்ந்தவரே அவற்றை நுட்பமாக எழுத இயலும்.

பட்டம் எதற்கு?

‘பட்டம் பெற்றா பாரதியார் இதழாசிரியரானார்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர் 1904இல் சுதேசமித்திரன் இதழில் சேர்ந்து, அந்த அலுவலகத்திலேயே தொழில் கற்றார். காஞ்சிபுரத்து அறிஞர் அண்ணா, பிற இதழ்களில் பணியாற்றிய பின் 1942இல் திராவிடநாடு இதழைத் தொடங்கினார். இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களின் வறுமையை 1990களில் நேரில் கண்டு எழுதிய பி. சாய்நாத், வரலாறு பயின்றவர். ஆனால், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவிக்கு இதழ் அலுவலகத்தின் கதவு எளிதில் திறப்பதில்லை. அங்கு அவருக்கு அறிமுகமானவர் எவரும் இலர். பட்டப்படிப்பே அவருக்கு வாயிலாகிறது.

‘எல்லார் கையிலும் திறன்பேசி இருக்கையில் இப்படிப்பு வேண்டுமா?’ என்பது மற்றொரு வினா. திறன்பேசி குரலைப் பரப்பும். அக்குரல் உண்மையா என ஆராயாது. செய்தியின் மூலத்தைத் தேடுதல், இரு தரப்பையும் கேட்டல், அவதூறுச் சட்டத்தை அறிதல், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துதல் ஆகியன பயிற்சியால் வருபவை. மூன்றாண்டுக் கல்வி அப்பயிற்சியைத் தர வேண்டும்.

செலவும் கடமையும்

பெற்றோரின் அச்சத்தைப் புறந்தள்ளுதல் முறையன்று. ஒளிப்படக்கருவி, கணினி, விடுதி ஆகியவற்றின் செலவு சிறு குடும்பத்திற்குப் பெருஞ்சுமை. படித்தவர் அனைவருக்கும் ஊடகத்தில் பணி கிடைக்கும் என்று சொல்வதற்கும் இல்லை. எனவே, கருவிகளை மாணவர்க்கு இரவலாக வழங்கும் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல் நன்று. தெளிவாக எழுதவும் பேசவும் படம்பிடிக்கவும் வல்லவர்க்கு மருத்துவமனை, தொண்டு நிறுவனம், அரசின் மக்கள் தொடர்புத் துறை முதலியவற்றிலும் வாய்ப்புண்டு.

கல்லூரிகளுக்கும் கடமையுண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராமசபை கூடுகிறது. தொடர்பியல் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரின் கிராமசபையில் அமர்ந்து, வாசிக்கப்படும் வரவுசெலவுக் கணக்கைக் குறித்து, அதில் சொல்லப்பட்ட பணி நடந்துள்ளதா என நேரில் கண்டு எழுதுவதைப் பாடமாக்க வேண்டும். உரிய கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் வாரியத்தில் இடம்பெறலாகாது என்று விதித்தது உத்திரமேரூர்க் கல்வெட்டு. அம்மண்ணின் மாணவர்க்கு இதனினும் பொருத்தமான பயிற்சி வேறில்லை.

மாணவர்களே! தொடர்பியலைத் தேர்ந்தெடுக்க விரும்பினால், ‘என் முகம் திரையில் தோன்றுமா?’ என்று மட்டும் கேளாதீர்கள். ‘யாருடைய பெயர் இன்னும் குடத்தில் விழவில்லை?’ என்றும் கேளுங்கள். அப்பெயரை எழுதுங்கள்; பலரும் படித்துச் சரிபார்க்கும் வண்ணம் எழுதுங்கள்.