கூப்பர்டினோவில் இனி வீடே கட்டக் கூடாதா?

இங்கே நம்ம மக்கள் ரெண்டு பேர் சந்தித்தால் முதல் அஞ்சு நிமிஷம் வேலை, அடுத்த அஞ்சு நிமிஷம் பசங்க ஸ்கூல், அப்புறம் முழுக்க வீட்டு விலை. கூப்பர்டினோவின் எழுதப்படாத சட்டம் இது. பத்து வருஷத்துக்கு மேலா நாலாவதா ஒண்ணு சேர்ந்திருக்கு. "வால்கோ என்னதான் ஆகும்?"

ஊர் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்னோட்டம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, சான் ஹோஸேவை ஒட்டி இருக்கிற சின்ன ஊர். மக்கள்தொகை 60 ஆயிரத்தைச் சுத்தி. ஒரு காலத்துல முழுக்க ஆப்ரிகாட், பிளம், செர்ரித் தோப்பு. 1955-ல்தான் தனி நகரமாச்சு. இப்போ ஆப்பிள் கம்பெனியோட தலைமையகம் இருக்கிற ஊர்னு உலகத்துக்கே தெரியும். ஆசியர்கள் பாதிக்கும் மேல. சாதாரண மூணு பெட்ரூம் வீடு, அதுவும் அறுபதுகள்ல கட்டினது, கார்ப்பெட்டைத் தூக்கினா கீழே என்ன இருக்குன்னு தெரியாத வீடு, 30 லட்சம் டாலர் சொல்றாங்க. ரூபாயில மாத்திப் பார்க்காதீங்க, தூக்கம் வராது :-)

சரி, வால்கோ. 1976-ல் திறந்த பெரிய ஷாப்பிங் மால். அந்த நிலங்களைச் சேர்த்தவங்க பெயர்களோட முதல் எழுத்துகளைக் கோர்த்து வச்ச பேர்தான் வால்கோ. உல்ஃப் ரோட்டுக்கு மேலே பாலம் மாதிரிப் போட்டு ரெண்டு பக்கமும் கடைகள் இருக்கும். உள்ளே ஐஸ் ஸ்கேட்டிங் தளம்கூட உண்டு. ஆனா பேருக்குத்தான் மால். மேசிஸ் 2015-ல் போச்சு, சியர்ஸ் அதே வருஷம் போச்சு, ஜேசி பென்னி 2016-ல் போச்சு. கடைசிக் காலத்துல உள்ளே நடந்தா நம்ம செருப்புச் சத்தம் நமக்கே திரும்பிக் கேட்கும். ஊர்ல இருந்து வந்த பெரியவங்க மழை நாள்ல வாக்கிங் போறதுக்கு மட்டும் நல்லா பயன்பட்டுச்சு. சாண்ட் ஹில் என்கிற ரியல் எஸ்டேட் கம்பெனி 2014-ல் அதை வாங்கினப்போ, இனிமேலாவது ஏதாவது நடக்கும்னு எல்லாரும் நினைச்சாங்க.

நடந்தது. ஆனா நினைச்ச மாதிரி இல்ல.

கம்பெனி ஒரு திட்டம் போட்டுச்சு. 800 வரைக்கும் அப்பார்ட்மெண்ட், 20 லட்சம் சதுர அடி ஆபீஸ், கடைகள், எல்லாத்துக்கும் மேலே கூரை முழுக்க 30 ஏக்கர் பார்க். ஊர்ல ஒரு கூட்டம் கொதிச்சுப் போச்சு. 2016 நவம்பர்ல ரெண்டு தீர்மானம் ஓட்டுக்கு வந்துச்சு. மெஷர் சி, கட்டட உயரத்துக்குக் கடிவாளம் போடறது. மெஷர் டி, இந்தத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்கறது. மகா ஜனங்கள் ரெண்டையும் தோற்கடிச்சாங்க! அதாவது இதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாம். நம்ம கல்யாண வீட்டுல "சாப்பிடவும் மாட்டேன், கிளம்பவும் மாட்டேன்"னு உட்கார்ந்திருக்கிற பெரியப்பா மாதிரி.

இதுக்கு நடுவுல சாக்ரமெண்டோவுல ஒரு சட்டம் வந்துச்சு. எஸ்.பி. 35. 2017-ல் கையெழுத்தாகி 2018-ல் அமலுக்கு வந்தது. ஒரு ஊர் தனக்கு ஒதுக்கின அளவு வீடு கட்ட விடாம இருந்தா, சில விதிகளுக்கு உட்பட்ட திட்டத்தை நகரசபை இழுத்தடிக்காம ஏத்துக்கணும். கம்பெனி 2018 மார்ச்ல இந்தச் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு புதுசா மனு போட்டுச்சு. இப்போ 2,402 வீடு, அதுல சரிபாதி குறைந்த வருமானக்காரங்களுக்கு. கூடவே 18 லட்சம் சதுர அடி ஆபீஸ். அந்த செப்டம்பர்லேயே அனுமதி கிடைச்சது. எதிர்ப்பாளர்கள் கேஸ் போட்டாங்க, 2020 மே மாசம் தோத்தாங்க.

கவனிங்க. 800 வேண்டாம்னு சண்டை போட்டோம், 2,402 வந்துச்சு. ஊர்க்காரங்க கேட்டு வாங்கியிருக்கக் கூடிய கூரைப் பார்க், பள்ளிக்கூடத்துக்கான உதவி, கட்டடத்தோட வடிவம் எதையும் பேரம் பேச வழியே இல்லாம போச்சு. எதிர்த்தவங்களைவிட ஆதரிச்சவங்க சாமர்த்தியசாலின்னு நான் சொல்ல வரல. கதவை முழுசா சாத்தினா சாவி வேற ஒருத்தன் கையில போயிடும், அவ்வளவுதான்.

நகரசபைக் கூட்டத்துக்கு நாலஞ்சு தடவை போயிருக்கேன். ஆளுக்கு மூணு நிமிஷம். மைக் முன்னாடி வந்து பேசறவங்கள்ல நம்மாட்கள் நிறைய. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் வந்து மூணு விஷயத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்வாங்க. டிராஃபிக், ஊரோட முகம், ஸ்கூல். இதுல மூணாவதைப் பத்தித்தான் எனக்கு வயிற்றெரிச்சல். அதை மெதுவா சொல்றேன்.

ஊரோட முகம் மாறிடும்னா, எந்த முகம்? தோப்பை வெட்டி வீடு கட்டினப்போ ஒரு முகம் மாறுச்சு. தொண்ணூறுகள்ல சீனாக்காரங்களும் இந்தியாக்காரங்களும் வந்தப்போ ஒரு முகம் மாறுச்சு. மாறின முகமே நாமதான் சார்! 2019-ல் அப்போதைய மேயர் ஒரு கூட்டத்துல, கூப்பர்டினோவைச் சுத்தி மதில் கட்டுவோம், செலவை சான் ஹோஸே ஏத்துக்கும்னு ஜோக் அடிச்சார். ஜோக்தான். பெரிய சர்ச்சையாச்சு. ஆனா எச்-1 விசாவுல வந்தவங்க நிறைஞ்ச ஊர்ல மதில் ஜோக்குக்கு எப்படி சிரிக்கறதுன்னு எனக்குத் தெரியல.

ஸ்கூலுக்கு வரேன். நாம எல்லாரும் இந்த ஊருக்கு வந்ததே ஸ்கூலுக்காகத்தான். பொட்டி தட்டுறவன் சம்பளத்துல முதல்ல ஒரு ரெண்டு பெட்ரூம் அப்பார்ட்மெண்ட். ஹால்ல ஒரு மெத்தை, ரைஸ் குக்கர், பால்கனியில துணி காயப் போட்டா மேனேஜர் லெட்டர் கொடுப்பார். வாடகை கழுத்தை நெறிச்சாலும் பையனுக்கு நல்ல ஸ்கூல். பல வருஷம் கழிச்சு வீடு வாங்கினோம். வாங்கின மறு வருஷம் என்ன சொல்றோம்? "அப்பார்ட்மெண்ட் கட்டினா ஸ்கூல் நிரம்பி வழியும், தரம் போயிடும்." அப்பார்ட்மெண்ட்ல இருந்து வந்த பையனால தரம் போகுமாம். நம்ம பையன் எங்கேர்ந்து வந்தான்?

சரி, மனசாட்சியை விடுங்க, கணக்குக்கு வாங்க. ஸ்கூல் நிரம்பி வழிஞ்சுதா? எலிமெண்டரி ஸ்கூல்களைப் பார்த்துக்கற டிஸ்ட்ரிக்ட்ல பிள்ளைங்க எண்ணிக்கை வருஷா வருஷம் குறைஞ்சுது. 2021-ல் ரெண்டு ஸ்கூலை மூடறதுன்னு முடிவெடுத்தாங்க. ரெக்னார்ட், மெயர்ஹோல்ட்ஸ். 2022-ல் மூடிட்டாங்க. இடம் இல்லாம போயிடும்னு பயந்த ஊர்ல, பிள்ளைங்க இல்லாம ஸ்கூலைப் பூட்டினாங்க! அதே 2021 மே மாசம் ஸ்கூலுக்காக வீட்டுக்கு இவ்வளவுன்னு கூடுதல் வரி கேட்டு ஓட்டெடுப்பு வச்சாங்க. மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். கிடைக்கல. ஸ்கூல் பேரால வீட்டு விலை ஏறணும், ஸ்கூலுக்குக் காசு மட்டும் கேட்கக் கூடாது.

பிள்ளைங்க எங்கே போனாங்க? எங்கேயும் காணாம போகல. இங்கே வாங்க முடியாத சின்ன வயசு ஜோடிகள் மவுண்டன் ஹவுஸ், டிரேஸி, சான் ரமோன்னு போயிட்டாங்க. அங்கே போய்ப் பாருங்க, தெருவுக்கு ரெண்டு தமிழ்க் குடும்பம், வீட்டுக்கு ரெண்டு குழந்தை. 30 லட்சம் கொடுத்து வீடு வாங்கற வயசு வரும்போது பையன் மிடில் ஸ்கூலைத் தாண்டியிருப்பான்.

இன்னொரு பக்கம், வாங்கினவங்க நகர்றது இல்ல. அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. 1978-ல் வந்த புரொபொசிஷன் 13 அப்படி. வாங்கின விலையில 1 சதவீதம் அடிப்படை வரி, மதிப்பு வருஷத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறும். உதாரணத்துக்கு 1985-ல் 2 லட்சம் டாலருக்கு ஒருத்தர் வாங்கியிருந்தா, நாப்பது வருஷம் கழிச்சும் அவரோட வரி மதிப்பு நாலரை லட்சத்தைத் தாண்டாது. வரி நாலாயிரத்துச் சொச்சம். பக்கத்து வீட்டை இன்னிக்கு 30 லட்சத்துக்கு வாங்கறவர் 30 ஆயிரம் கட்டணும். அதே தெரு, அதே குப்பை லாரி, அதே தீயணைப்பு வண்டி. பிள்ளைங்க வளர்ந்து வெளியூர் போய், நாலு பெட்ரூம் வீட்டுல தாத்தாவும் பாட்டியும் மட்டும். அவங்களுக்கே மாடிப்படி ஏற முடியல. ஆனா இந்த ஊருக்குள்ள சின்னதா, லிஃப்ட் வச்ச வீடு தேடினா கிடைக்கறதே அபூர்வம். கிடைச்சாலும் விலையைக் கேட்டுட்டு பேசாம பழைய வீட்டுலயே இருந்துடறாங்க.

எங்க தெருவுல ஒரு பெரியவர் இருக்கார், கும்பகோணம் பக்கம். நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். மகள் வீட்டோட வந்து பத்து வருஷம் ஆச்சு. "தம்பி, இங்க எல்லாம் இருக்கு. நடந்து போய் ஒரு காபி குடிக்கிற தூரத்துல மட்டும் எதுவும் இல்ல"ன்னார் ஒரு தடவை. அவர் ஸ்டீவன்ஸ் கிரீக் ரோட்டுக்கு நடந்து வந்து 23-ஆம் நம்பர் பஸ்ஸைப் பிடிக்கவே இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். கீழே கடை, மேலே வீடு, வாசல்ல பஸ். மாம்பலத்துலயும் கும்பகோணத்துலயும் இருந்து வந்த நாம இதைக் கேட்டா "ஐயோ, நெரிசல்"னு அலறுறோம். லீவுக்கு ஊருக்குப் போனா மட்டும், எல்லாமே நடக்கற தூரத்துல இருக்குப்பா, அதுதான் சொர்க்கம்னு உருகறது!

டிரேஸியில இருந்து வர்றது ஐ.டி. ஆளுங்க மட்டும் இல்ல. நம்ம பசங்களுக்குப் பாடம் சொல்லித் தர்ற டீச்சர்கள் சிலரும் அங்கேர்ந்து, இல்லேன்னா அதுக்கும் தள்ளி இருந்து வர்றாங்க. அம்பது மைலுக்கு மேல, ஆல்டமான்ட் கணவாய் தாண்டி. பேரன்ட் டீச்சர் மீட்டிங்கை நாலரை மணிக்கு மேல வைக்க முடியாதுன்னு ஒரு டீச்சர் சொன்னாங்க. அதுக்கு மேல கிளம்பினா எட்டு மணிக்குத்தான் வீடு. சான்டா கிளாரா கவுண்டியில 2024 கணக்குப்படி தனி ஆளுக்கு 1 லட்சம் டாலர் சம்பளம் இருந்தாலும் "குறைந்த வருமானம்" பட்டியல்லதான் வருவார். அப்போ "குறைந்த வருமானக்காரங்க வந்துடுவாங்க"ன்னு மைக்ல பேசறோமே, அது யாரை? நம்ம பொண்ணோட டீச்சரை.

எதிர்க்கறவங்க சொல்றது எல்லாமே தப்புன்னு நான் நினைக்கல. ஆபீஸ் விஷயத்துல அவங்க பக்கம்தான் நியாயம். 18 லட்சம் சதுர அடி ஆபீஸ்னா, ஆளுக்கு 200-லிருந்து 250 சதுர அடின்னு வச்சாலும் ஏழாயிரத்துக்கு மேல, ஒன்பதாயிரம் வரைக்கும் ஆட்கள் வருவாங்க. 2,402 வீட்டுல அவங்கள்ல எத்தனை பேர் இருக்க முடியும்? மீதிப் பேர் 280-ல தான் நிப்பாங்க. வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க வந்த திட்டமே பஞ்சத்தைக் கூட்டும். ஆனா ஒரு விஷயம் உறுத்துது. 2011-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் நகரசபையில வந்து நின்னு, ஒரே கட்டடத்துல 12 ஆயிரம் பேர் வேலை பார்ப்பாங்கன்னு காட்டினப்போ இந்த ஊர் கைதட்டி வரவேத்துச்சு. வேலை வேணும், வரி வேணும், வீட்டு விலை ஏறணும். அந்த 12 ஆயிரம் பேர் ராத்திரி எங்கே தூங்குவாங்கங்கிறது மட்டும் பக்கத்து ஊர்ப் பிரச்சினை.

மாலை 2018 கடைசியில இடிக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் பல வருஷம் வேலி போட்ட வெறும் மண்ணாத்தான் கிடந்துச்சு. 2024 தொடக்கத்துல திட்டத்தை மாத்தி, 2,669 வீடுன்னு அனுமதி வாங்கினாங்க. குறைந்த வருமானக்காரங்களுக்கான பங்கு 890-ஆ இறங்கிடுச்சு. இதுக்கிடையில 2023-லிருந்து 2031-க்குள்ள 4,588 வீட்டுக்குத் திட்டம் காட்டணும்னு இந்த ஊருக்கு இலக்கு. 2023 ஜனவரி கெடுவைத் தவறவிட்டதால, ஊர் விதிகளை மீறின உயரத்துல கட்டறதுக்கும் ஆளுங்க மனு போட ஆரம்பிச்சாங்க. ஒருவழியா 2024-ல்தான் அந்தத் திட்ட அறிக்கைக்கு மாநிலத்தோட ஒப்புதல் கிடைச்சது. மறுபடியும் அதே கதை. நாம தள்ளிப்போட்டா முடிவு சாக்ரமெண்டோவுல.

ஒரு தமாஷ் சொல்லணும். மைக்ல அப்பார்ட்மெண்ட்டை எதிர்த்துப் பேசின நண்பர் ஒருத்தர், தன்னோட வீட்டுக் கொல்லைப்புறத்துல தனி சமையலறையோட ஒரு சின்ன வீடு கட்டிக்கிட்டு இருக்கார். மாநிலச் சட்டம் இப்போ அதுக்கு தாராளமா இடம் கொடுக்குது. அம்மா அப்பா வந்தா தங்கறதுக்கு, மத்த நாள்ல வாடகைக்கு. "அது வேற, இது வேற"ங்கிறார். ரொம்ப நல்ல மனுஷன், நான் மேல பேசல.

அடுத்த கூட்டத்துல நான் கேட்கப் போறது பெருசா ஒண்ணும் இல்ல. ஆபீஸைக் குறைச்சு வீட்டைக் கூட்டுங்க. அதுலயும் வயசானவங்களுக்கும் புதுசா கல்யாணமானவங்களுக்கும் ஆகற மாதிரி ரெண்டு பெட்ரூம் சின்ன வீடுகள். கீழ்த்தளத்துல கடைகள். ஸ்டீவன்ஸ் கிரீக்ல பஸ் இன்னும் அடிக்கடி வரணும். ரெக்னார்ட்டை மூடின மாதிரி அடுத்து எந்த ஸ்கூல்னு பட்டியல் போடற நிலைமை வராம இருக்கணும்னா, குழந்தை வச்சிருக்கறவங்க குடிவர ஒரு இடம் வேணும்.

இதையெல்லாம் தங்கமணிகிட்ட ஒத்திகை பார்த்தேன். கேட்டு முடிச்சுட்டு சொன்னது: "பதினாலு நிமிஷம் ஆச்சு. அங்க மூணு நிமிஷத்துல மைக்கை அணைச்சுடுவாங்க. மாமாவையும் கூட்டிட்டுப் போங்க, அந்தக் காபி விஷயத்தை அவரே சொல்லட்டும்."